முப்பது புள்ளி தள்ளி

சந்திரகலா நாற்காலி ஆசை பிடித்தவள். அவளிடமே இதைச் சொன்னால், "ஆமா, அதுக்கு என்ன இப்ப?" என்பாள். அந்த நாற்காலி பாராளுமன்ற நாற்காலி அல்ல. மலேசியாவில், கிள்ளானின் துறைமுகச் சாலையை ஒட்டி, இரும்புக் குழாய்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு சின்னக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் கிடந்த சுழல் நாற்காலி. அதன் சக்கரங்களில் ஒன்று அடம்பிடிக்கும். தொண்ணூற்றொன்றாம் வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் அது அவளுக்குக் கிடைத்தது. அதற்கு முன்னால் பதினேழு வருடம் அவள் இருட்டறையில் நின்றுகொண்டு வேலை பார்த்தாள்.

இருட்டறை என்றால், குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்த பிலிம்களைக் கழுவும் அறை. பக்கத்து ஊரான ஜெஞ்சாரோமில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடித்துவிட்டுப் பதினெட்டு வயதில் அதற்குள் போனாள். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகளில் தோல் உரியும். மிளகாய் தொட்டால் எரியும். மருதாணி வைத்தால் பிடிக்காது. கல்யாணத்தன்று ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள். அதற்காக யாரிடமும் அழுது புலம்பியதில்லை. வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்த பிறகுதான் அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை என்று தெரிந்தது. தெரிந்த பிறகு விடுவாளா?

அவளை அங்கே உட்கார வைத்தவர் முதலாளி யாப். ரப்பர் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மரியாதை விகுதி மட்டும் அவர் கடையில் விற்காத சரக்கு. எண்பது வயதுக் கிழவரையும் "நீ உக்காரு லா" என்பார், அந்த 'லா' மலேசியப் பேச்சின் வால். அவர் திட்டினாலும் பாராட்டினாலும் ஒரே குரல்தான், அதனால் எது எது என்று கண்டுபிடிக்கப் பழக்கம் வேண்டும். ஈரம் காயாத பிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்தே, "இதுல ஒண்ணு இருக்கு பாஸ்" என்று சந்திரகலா சொல்லிவிடுவதை அவர் பல வருடமாகக் கவனித்து வந்தார். புதுக் கருவி வந்ததும், "இவளுக்குக் கண்ணு இருக்கு. இவ உக்காரட்டும்" என்றார். நியமன உத்தரவு அவ்வளவுதான்.

புதுக் கருவியில் எக்ஸ்ரேயும் இல்லை, மருந்தும் இல்லை. பட்டறையில் ஒரு நீண்ட தண்ணீர்த் தொட்டி. குழாயை அதில் முக்கி, காதுக்குக் கேட்காத ஒலித் துடிப்பு ஒன்றை அதன்மேல் விடுவார்கள். துடிப்பு குழாயின் வெளிச்சுவரில் பட்டு ஒரு எதிரொலி, உட்சுவரில் பட்டு இன்னொரு எதிரொலி. நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்தால் விரிசல் என்று அர்த்தம். எதிரொலிகள் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து முப்பது மீட்டர் கேபிள் வழியாக ஏர்கான் அறைக்கு வரும். அங்கே கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த டிஜிட்டைசர் என்ற அட்டை, ஓடிக்கொண்டிருக்கும் துடிப்பை வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்கும். புள்ளிகள் சேர்ந்து திரையில் மேடுகளாகத் தெரியும். இரண்டு மேடு என்றால் குழாய் நல்ல குழாய். சந்திரகலா அந்த மேடுகளைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கருவிக்கு எஞ்சினியர் யோகநாதன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து பழைய டட்சன் காரில் வருவார். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம்; முப்பது வயது நிரம்பாதவர்; படிப்பு லண்டன். சரி என்பதற்கு "ஓம்" என்பார், அதைக் கேட்டு ஆரம்பத்தில் சந்திரகலா கும்பிடப் பார்த்தாள். அவள் அவரை "சார்" என்பாள், அவர் அவளை "அக்கா" என்பார். நல்ல மனிதர். தான் படித்ததில் இல்லாத தவறு உலகத்தில் நடக்காது என்று நம்பினார், அது ஒன்றுதான் குறை.

இப்போது குற்றவாளி யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சந்திரகலாதான். குற்றம் நடந்த நாள் ஆயுத பூஜை.

கம்பெனியில் தமிழர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வருடா வருடம் பட்டறையில் அம்மன் படம் வைத்து, ஸ்பேனர், அரம், வெல்டிங் கண்ணாடி, லோரிச் சாவி எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் பரப்பி, சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிடுவார்கள். யாப்பும் வந்து கைகூப்பிவிட்டு இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிடுவார். அந்த வருடம் அவர் ஒரே ஒரு உத்தரவு போட்டார். "கம்ப்யூட்டர் ரூம்ல சாம்பிராணி, கற்பூரம், குங்குமம் ஒண்ணும் கூடாது லா. தூள் உள்ள போனா மிஷின் செத்துடும்."

நியாயமான பேச்சு. சந்திரகலாவும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாருடைய ஆயுதமும் அம்மன் முன்னால் உட்கார்ந்திருக்க, தன்னுடையது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு குளிரில் கிடப்பதா? மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கி வர முடியாது. விசைப்பலகையைக் கழற்றினால் யோகநாதன் கத்துவார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். கேபிளின் நுனிக்கும் டிஜிட்டைசர் அட்டைக்கும் நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு துண்டு இருந்தது. கட்டைவிரல் அளவுதான். அரைத் திருகு திருகினால் கழன்று வந்தது. கேபிள் எட்டுவதற்காகப் போட்ட ஒட்டுத் துண்டு போலிருக்கிறது, ஒரு நாள் இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தாள். அதைக் கழுவித் துடைத்து, வெற்றிலைமேல் வைத்து, சந்தனப் பொட்டும் குங்குமமும் இட்டு, தட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு இன்னொரு முறை தீபம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மறுநாள் சந்திரகலா லீவு, மகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் தீபம் காட்டி அவரவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்கள். மிச்சத்தை ஒதுக்கி வைத்தவர் ஃபோர்க்லிஃப்டும் கிரேனும் ஓட்டும் அந்தோனிப்பிள்ளை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். சுண்டலுக்கு மட்டும் மதம் பார்க்காதவர். தட்டில் வாடிய பூ, மணி, வெற்றிலை, அதன்மேல் பளபளவென்று ஒரு சாமான். அடுத்தவர் சாமியின் சாமானில் நம் கை படக்கூடாது என்று மிகுந்த மரியாதையோடு, விரித்திருந்த துணியோடு சேர்த்து அப்படியே தூக்கி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இறக்கி, அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். அதே காலையில் யோகநாதன் அறைக்குள் வந்து, கேபிள் கழன்று தொங்குவதைப் பார்த்து, யாரோ கால் தடுக்கியிருப்பார்கள் என்று எடுத்து அட்டையிலேயே நேராகச் செருகினார். அது மறுப்பே சொல்லாமல் பொருந்தியது. சனிக்கிழமை வந்த சந்திரகலா, கேபிள் இருப்பதைப் பார்த்தாள், யாரோ எல்லாவற்றையும் மாட்டிவிட்டார்கள் என்று நிம்மதியானாள். இப்படியாக மூன்று நல்லவர்கள் சேர்ந்து ஒரு கருவியைக் கெடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஒரு மின்நிலையத்துக்குப் போக வேண்டிய இருநூறு புதுக் குழாய்கள் பட்டறையில் வந்து இறங்கின. வழக்கம்போல முதலில் மாதிரிக் குழாயைத் தொட்டியில் இறக்கினாள். பழுதே இல்லை என்று உறுதியாகத் தெரிந்த குழாய் அது, கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான். திரையைப் பார்த்தாள். மேடுகளின் தலை, கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. அது போதாதென்று ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால், கொஞ்சம் சின்னதாக, அதே மாதிரி இன்னொரு மேடு. திரையை நம்பினால் அந்த மாதிரிக் குழாயில் விரிசல் இருந்தது. புதுக் குழாய் ஒன்றைப் போட்டாள். அதிலும் விரிசல். இன்னொன்று. அதிலும்.

"இருநூறுலயும் விரிசல்னா குழாய் செஞ்ச ஃபேக்டரியையே இழுத்து மூடணும் அக்கா" என்றார் யோகநாதன். "மாதிரிக் குழாயிலயும் வருதுன்னா சிக்னல்தான் கெட்டுப்போச்சு. புள்ளி பத்தல. துடிப்பு வேகமா ஓடுது, நாம மெதுவா புள்ளி வைக்கிறோம், அதான் வடிவம் கெடுது."

புள்ளிகளை இரட்டிப்பாக்கி வினாடிக்குப் பத்துக் கோடி என்று வைத்தார். அட்டையால் முடிந்த உச்ச வேகம் அதுதான். பலன் கிடைத்தது: அதே தப்பு இப்போது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. சந்திரகலா புள்ளிகளை எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு மேட்டுக்கும் அதன் இரட்டைக்கும் நடுவில் சரியாக முப்பது புள்ளி.

பிறகு அட்டை தாங்கக்கூடிய உயரத்தின் எல்லையைக் கூட்டினார். சீவிய தலைகள் முளைத்து உருண்டையாயின. யோகநாதன் மேசையைத் தட்டினார். ஆனால் இரட்டைகள் அசையவில்லை. போன மாதம் அச்செடுத்த தாளைச் சந்திரகலா எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தாள்.

"சார், இப்ப வர்றது பழசைவிட ரெண்டு மடங்கு உயரமா இருக்கு. அதான் முன்னால தலை முட்டிக்கிட்டு நின்னுச்சு."

"ஓம் அக்கா, அதைத்தான் நானும் சொல்றேன். அட்டைக்குள்ள பெருக்கற பகுதி கெட்டுப்போச்சு."

அவர் அதை அப்போதுதான் சொன்னார், ஆனால் அவள் விட்டுவிட்டாள். அடுத்த இரண்டு நாளில் அவர் ஒலி அனுப்பும் முனையை மாற்றினார், மின்சாரச் செருகியை வேறு இடத்தில் போட்டார், தரைக்கம்பியைச் சுரண்டிப் புதிதாகக் கட்டினார், தொட்டித் தண்ணீரையே மாற்றினார். மாற்றாதது அவர் சட்டை மட்டும்தான். முப்பது புள்ளி தள்ளி இரட்டைகள் அப்படியே நின்றன.

புதன்கிழமை யாப் அறைக்குள் வந்து கதவருகே நின்றார்.

"கார்டு வித்த சிங்கப்பூர்க்காரனுக்கு ஃபேக்ஸ் போட்டேன். நீ கெட்ட கார்டு வித்துட்டன்னு எழுதினேன். அவன் ஆளு வெள்ளிக்கிழமை வர்றான். சரி பண்ணலன்னா கழட்டிக் குடுத்துடுவேன். குழாய்க்காரன் காத்திருக்கமாட்டான் லா, எக்ஸ்ரே எடுத்து அனுப்புவோம்." பிறகு சந்திரகலாவைப் பார்த்து, அதே குரலில், "இருட்டறைல ஆள் பத்தாது. திங்கக்கிழமைலேருந்து நீ அங்க போயிடு" என்றார்.

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சாமான் இல்லாத கடைக்குக் கணக்குப்பிள்ளை எதற்கு என்ற நியாயம்தான். சந்திரகலா "சரி பாஸ்" என்றாள். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள், ஏனென்றால் அழுத முகத்தோடு யோகநாதன் எதிரில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் கணவர் ராதாகிருஷ்ணனிடம் சொன்னாள். கிள்ளான்–கோலாலம்பூர் பஸ் ஓட்டுகிறவர் அவர், எதற்கும் அவ்வளவு சீக்கிரம் பிரேக் போடமாட்டார். "வேலை போகலல்ல? ரூம்தானே மாறுது" என்றார். அது ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் தீபாவளி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக்குள் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் நுனித்தோல் ஒழுங்காக வளர்ந்திருந்தது. போன மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் மருதாணி வைத்து, பதினேழு வருடத்தில் முதல் தடவையாகப் பிடித்திருந்தது. நகத்தோரம் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அந்தக் கையை மறுபடி மருந்தில் விட அவளுக்கு இஷ்டமில்லை. வாழ்க்கையில் அவள் இவ்வளவு பிடிவாதமாக எதையும் விரும்பியதில்லை.

வியாழக்கிழமை யோகநாதன் குழாய்க்காரர்களிடம் அவகாசம் கேட்க வெளியே போயிருந்தார். பத்து மணிக்கு அந்தோனிப்பிள்ளை கதவைத் தட்டினார்.

"அக்கா, செவுத்துல போற உங்க வயரைக் கொஞ்ச நேரம் கழட்டிக்கவா? குழாய்க் கட்டு உள்ள வருது. கிரேன் இடிச்சா வயரு போயிடும்."

அந்த முப்பது மீட்டர், பத்துப் பத்து மீட்டராக மூன்று கேபிளை இணைத்தது. சுவரில் போன இரண்டையும் அவர் கழற்றிச் சுருட்டி வைத்தார். அறையிலிருந்து கதவு வரை வந்த முதல் பத்து மீட்டர் மட்டும் மிஞ்சியது. சும்மா உட்கார்ந்தால் திங்கட்கிழமையைத்தான் நினைக்க வேண்டும். அதனால் அவள் துடிப்புப் பெட்டியை அதன் தள்ளுவண்டியோடு கதவருகே தள்ளிக்கொண்டு வந்து, ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, மாதிரிக் குழாயை அதில் நிறுத்தி, மிஞ்சிய பத்து மீட்டரில் மாட்டினாள். உள்ளே போய்த் திரையைப் பார்த்தாள்.

இரட்டையைக் காணோம்.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கிட்டப் போய்ப் பார்த்தாள். இரட்டை எங்கேயும் போகவில்லை. முன்னால் வந்து தாய் மேட்டோடு ஒட்டிக்கொண்டு, அதை ஒரு பக்கம் வீங்க வைத்திருந்தது. எண்ணினாள். பத்து புள்ளி.

அட்டையும் அதே அட்டை, குழாயும் அதே குழாய். மாறியது கேபிளின் நீளம் ஒன்றுதான். அவள் வெளியே ஓடி, சுருட்டி வைத்த கேபிளில் ஒன்றை எடுத்து இணைத்தாள். இருபது புள்ளி. இன்னொன்றையும் இணைத்தாள். முப்பது. அலமாரியில் உபரியாகக் கிடந்த பத்து மீட்டரையும் சேர்த்தாள். நாற்பது. மீட்டருக்கு ஒரு புள்ளி! அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அந்தோனிப்பிள்ளை கிரேனை நிறுத்திவிட்டு, அக்கா ஏன் வாளிக்கும் அறைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஓடும்போது அவள் கால் வாளியில் இடித்தது. தண்ணீர் அலைந்து, சுவரில் முட்டி, திரும்பி வந்து, மறுபடி முட்டியது. அவள் நின்றாள். பெரிய தொட்டியில் இப்படி அலையாது. அங்கே கடைசிச் சுவரில் ஒரு ரப்பர் பாய் ஒட்டியிருப்பார்கள், அலை அதில் போய் அடங்கிவிடும். கேபிளுக்குள்ளும் இதே கூத்துதான் நடக்கிறது. துடிப்பு கடைசிவரை போய், அடங்க இடமில்லாமல் முட்டி, வந்த வழியே ஓடி, மறுபடி போகிறது. நீளமான கேபிள் என்றால் நீளமான ஓட்டம், தள்ளி வரும் இரட்டை. அப்படியானால் இத்தனை மாதமும் அந்த முனையில் அதை அடக்கி வைத்த ரப்பர் பாய் எது?

அவள் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்தாள். ஆயுத பூஜைக்குப் பிறகு அன்றுதான் குனிந்தாள். கேபிள் நேராக அட்டையில் செருகியிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

முதலில் வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். நாலு நாளாக யோகநாதன் படாத பாடு பட்டது, யாப் ஊர்விட்டு ஊர் ஃபேக்ஸ் போட்டது, எல்லாம் தன் ஒரு பொட்டுச் சந்தனத்தால்.

"அந்தோனிண்ணே! பூஜைத் தட்டு எங்க?"

"பத்திரமா இருக்கு அக்கா. நான் தொடவே இல்ல. துணியோட அப்படியே டின்னுல வெச்சிட்டேன். மேல இருக்கு" என்றார் அவர் பெருமையாக. ஏணி போட்டு இறக்கிக் கொடுத்தபோதும் டின்னின் ஓரத்தை மட்டுமே பிடித்திருந்தார்.

சருகாகிப்போன வெற்றிலைமேல், காய்ந்த சந்தனத்தோடு அது கிடந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கேபிளுக்கும் அட்டைக்கும் நடுவில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். இரண்டு மேடு. பழைய உயரம். உருண்டைத் தலை. பின்னால் சமதரை. சந்திரகலாவுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் அடுத்தது நினைவுக்கு வந்தது: இதை யாரிடம் எப்படிச் சொல்வது?

பகல் சாப்பாட்டுக்கு முன்பு யோகநாதன் திரும்பி வந்தார். அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகம் சிவந்தது, கோபத்தால் அல்ல.

"அது டெர்மினேட்டர் அக்கா. வர்ற துடிப்பை வாங்கி அங்கேயே முடிச்சு வைக்கறது அதுதான். அது இல்லாட்டி உயரம் ரெண்டு மடங்காகும், இரட்டை வரும். முதல் வருஷப் பாடம்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "தொங்கின வயரைச் செருகினது நான்தான். கையில வெச்சிருந்தும் பார்க்கல. பாஸ்கிட்ட லூஸ் கனெக்‌ஷன்னு சொல்லிடுவோம். நீங்களும் தப்பிச்சீங்க, நானும் தப்பிச்சேன்."

நல்ல யோசனை. சந்திரகலா தலையாட்டப் போனாள். கருவி சரியாகிவிட்டது, நாற்காலி பத்திரம், எல்லாருக்கும் சுபம். ஆனால் கெட்ட அட்டையை விற்றதாக ஒரு ஃபேக்ஸ் போயிருக்கிறது. யாரோ ஒருவர் சிங்கப்பூரில் திட்டு வாங்கிக்கொண்டு, துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பார். அதைவிட, அம்மன் முன்னால் வைத்து எடுத்த சாமானை வைத்துக்கொண்டே பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. சொன்னால் நாற்காலி போகலாம். கருவியில் கைவைத்துக் கெடுத்தவளை எந்த முதலாளி கருவி அறையில் வைப்பார்? அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் எழுந்து போனாள். யோகநாதன் ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

யாப் மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டு முடிக்கும்வரை ஒரு சுளைகூட வாயில் போடவில்லை.

"என் மிஷின்லேருந்து சாமான் எடுத்து சாமிக்குக் குடுத்தியா நீ?"

"குடுக்கல பாஸ். வெச்சேன். மறுநாள் எடுக்கறதா இருந்துச்சு."

"பட்டறைல சுத்தியல் இல்லையா? அதை வெக்கறதுதானே?"

"சுத்தியல் என் வேலை இல்லையே பாஸ். என் வேலை அந்த ரூம்லதானே இருக்கு."

யோகநாதன் முன்னால் வந்து, "நானும்தான் பாஸ். வயரைச் செருகினது நான்" என்றார். யாப் அவரைப் பார்க்கவே இல்லை.

"சாமிகிட்ட என்ன கேட்ட?"

கம்பெனி நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டதாகச் சொல்லியிருக்கலாம், யாரும் அம்மனிடம் போய் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு உண்மைதான் வாயில் வந்துகொண்டிருந்தது.

"அந்த ரூம்லயே நான் இருக்கணும்னு கேட்டேன் பாஸ். இருட்டறை வேணாம்னு கேட்டேன்." இரண்டு கையையும் மேசைமேல் விரித்துக் காட்டினாள்.

யாப் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு ஆரஞ்சை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சிங்கப்பூருக்கு போன் போட்டார். கார்டு நல்ல கார்டு, தப்பு எங்களுடையது, ஆள் வர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டு அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து கருவியின் பழுதுப் புத்தகத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"எழுது."

"நானா பாஸ்?"

"பின்ன நானா?"

பழுது என்ன, எதனால் என்பதை யோகநாதன் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினாள். 'பாகத்தைக் கழற்றியவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"பூஜைக்கு இங்கிலீஷ்ல என்ன பாஸ் எழுதறது?"

"பூஜைன்னே எழுது லா. இந்தப் பக்கத்தோட நகல் சிங்கப்பூருக்குப் போகும். வர இருந்தவன் பேரு நாச்சியப்பன். அவனுக்குப் புரியும்."

எழுதினாள். 'பழுதைக் கண்டுபிடித்தவர்' என்ற கட்டம் வந்தது. யோகநாதன் விரலால் தொட்டு, "உங்க பேர்தான் அக்கா" என்றார். அதையும் எழுதினாள். பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது: 'கருவிக்குப் பொறுப்பு'. முந்தைய பக்கங்கள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் யோகநாதனின் கையெழுத்து இருந்தது. அவள் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

யாப் கையை நீட்டிப் புத்தகத்தை மறுபடி அவள் பக்கமே திருப்பி வைத்தார்.

"எடுத்தது நீ. கண்டுபிடிச்சது நீ. மறைக்காம வந்து சொன்னதும் நீ. இவன் எஞ்சினியர், கணக்கு இவன் போடட்டும். இனிமே அதுல ஒரு ஸ்க்ரூ காணாம போனாலும் நான் உன்னைத்தான் கேப்பேன். உன் பேர எழுது."

அந்தப் பக்கத்தில் அவள் தன் பெயரை மூன்றாவது தடவையாக எழுதினாள். முதல் இரண்டும் கோடு போட்டதுபோல் நேராக வந்திருந்தன. மூன்றாவது கோணிக்கொண்டு, அடுத்த கட்டத்துக்குள் ஏறிப் போய்விட்டது.